பழகாத தலை

“பழகிடும்” என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். கலியாணம் கட்டி இந்தத் தீவுக்கு வந்த நாளிலிருந்து கேட்கிற சொல் அது. நான் பெருநிலத்துப் பிள்ளை. கட்டுக்கரைக் குளத்துப் பக்கம், வயற்காரர் வீடு. இங்கே வந்து, முற்றத்தில் காயும் கருவாட்டு மணம் தாங்க முடியவில்லை என்றேன். பழகிடும் என்றார்கள். போட் எஞ்சின் சத்தம் நெற்றிக்குள் ஆணி அறைகிறது என்றேன். பழகிடும். சோளகக் காற்றுக்குக் கூரைத் தகரம் ஓயாமல் அடிக்கிறது, விசர் பிடிக்கும் போலிருக்கிறது என்றேன். அதற்கும் அதே மருந்துதான். இப்போது என் மகளுக்கே கலியாண வயது வந்துவிட்டது. எனக்கு இன்னும் ஒன்றும் பழகவில்லை.

மற்றச் சனம் எப்படி இருக்கிறது என்று நான் பொறாமையோடு பார்ப்பேன். பக்கத்து வீட்டு மனுசி அதே தகரத்துக்குக் கீழே பாய் போட்டு, மத்தியானம் குறட்டை விடுவார். “சத்தம் கேக்கேல்லயோ?” என்றால், “எந்தச் சத்தம்?” என்பார். பொய்யில்லை, அவருக்கு உண்மையாகவே கேட்பதில்லை. எனக்கோ தகரத்தின் ஒவ்வொரு அடியும் முதல் அடி மாதிரியே விழும். சில நாட்களில் போகப்போகப் பெலக்க விழும். “நீர் கூடக் கவனிக்கிறீர், அதை விட்டிடும்” என்று புத்தி வேறு சொல்லுவார். விடுவதற்கு அதை நானா பிடித்து வைத்திருக்கிறேன்?

இதோடு தலையிடியும். சும்மா தலையிடி இல்லை, ஒற்றைத் தலையிடி. முதலில் ஒரு கண் ஓரத்தில் பல்லுப் பல்லாக ஒரு வெளிச்சம் ஓடும். பார்க்கிற ஆளின் பாதி முகம் காணாமல் போகும். பிறகு வலது பக்கம் பிளக்கத் தொடங்கும், சாப்பிட்டதெல்லாம் சத்தியாய் வெளியே வரும், யன்னலைச் சாத்தி, ஈரத் துணியால் நெற்றியை இறுக்கிக் கட்டிக்கொண்டு கிடப்பேன். என் மனுசன் கடலுக்குப் போகிறவர், அதிகம் கதைக்க மாட்டார். ஆனால் எனக்குத் தலை ஏலாத நாட்களில் கரைக்குக் கொஞ்சத் தூரம் முதலே எஞ்சினை நிறுத்திவிட்டு, கம்பு ஊன்றித்தான் போட்டைக் கொண்டு வருவார். மற்றவர்கள் கரையில் நின்று சிரிப்பார்கள். “எண்ணெய் விலையைப் பாத்தனீங்களோ?” என்று அவர் சமாளிப்பார். எனக்குத் தெரியும், எண்ணெய்க்காக இல்லை.

கடைசியில் மகள்தான் என்னை இழுத்துக்கொண்டு மன்னார் டவுன் கிளினிக்குக்குப் போனாள். அவள் அங்கே ஒரு கந்தோரில் வேலை. கிளினிக்கில் இருந்தவர் தெற்கிலிருந்து வந்த இளம் டொக்டர். தாய்மொழி சிங்களம்; தமிழை எங்கள் சனத்திடமே பொறுக்கிப் பொறுக்கிப் படித்திருந்தார். பெரிய சொற்கள் அவரிடம் இல்லை. அதனால்தானோ என்னவோ, அவர் சொன்னது எனக்கு அப்படியே விளங்கியது.

“அம்மா, இப்ப நான் மேசையில தட்டுறன்” என்று பேனையால் தட்டத் தொடங்கினார். டக், டக், டக். எனக்கு ஒவ்வொரு தட்டுக்கும் கண் சுருங்கியது. “பாத்தீங்களா? மத்த ஆளோட மூளை முதல் தரம் நல்லாக் கேக்கும். ரெண்டாம் தரம் கொஞ்சம் குறையும். பிறகு, ‘சரி சரி, இது தெரிஞ்ச சத்தம்தானே’ எண்டு விட்டிடும். வெளிச்சமும் அப்பிடித்தான். மணமும் அப்பிடித்தான். உங்களோட மூளை விடாது. தலையிடி இல்லாத நாள்லயும் விடாது. ஒவ்வொரு தரமும் புதுசு.”

“அப்ப இது பழகாதோ டொக்டர்?”

“பழகுறது எண்டது அம்மா படிக்கிற பாடம் இல்ல. மூளை தானாச் செய்யிற வேலை. உங்களோட மூளை அந்த வேலையைக் கொஞ்சம் குறைவாச் செய்யுது.”

எனக்குக் கண்ணீர் பொலபொலவென்று வந்துவிட்டது. அவர் பயந்துபோய்க் கடுதாசித் துண்டு ஒன்றை நீட்டினார். நான் கவலையில் அழவில்லை. இத்தனை காலமும் எனக்குப் பொறுமை இல்லை, செல்லம் கூடிப்போச்சு, வாய்க்கொழுப்பு என்று எத்தனை பேர் வாயால் கேட்டிருப்பேன்!

“அப்ப எனக்கு வாய்க்கொழுப்பு இல்லத்தானே டொக்டர்?” என்று கேட்டேன்.

“அது எனக்குத் தெரியாது அம்மா. நான் தலைக்கு மட்டும்தான் பொறுப்பு” என்றார். மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

வெளிக்கிடும்போது இன்னொன்றும் சொன்னார். “ஒரு நாள் எல்லாம் அமைதியாத் தெரியும். சத்தம் இருக்கும், கரைச்சல் இருக்காது. நீங்க நினைப்பீங்க, ஆ, சுகம் வந்திட்டுது எண்டு. அந்த நாள் கவனம். தலையிடி வாறதுக்குக் கொஞ்சம் முதல் இந்த மூளை மத்த ஆக்களோட மூளை மாதிரி நடக்கும். எல்லாருக்கும் அப்பிடியெண்டு சொல்ல ஏலாது. ஆனா கவனம்.” நல்லாயிருந்தால் பயப்படவேண்டும் என்று சொல்கிற வைத்தியரை நான் அன்றைக்குத்தான் கண்டேன். சரி சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு நான் செய்த முதல் வேலை, கையிலிருந்த காப்புகளைக் கழற்றியது. தேங்காய் துருவும்போதும், உடுப்புத் தோய்க்கும்போதும், சும்மா கையை அசைத்தாலும் கிணுங்குகிற சாமான் அது. பிறகு காதிலாடுகிற தோடு. ஏலாத நாட்களில் தாலிக்கொடியும் கழுத்தில் பாரமாய்த் தொங்கி இழுக்கும். அதையும் அலுமாரிக்குள் வைத்துவிடுவேன். என் மனுசனிடம் கேட்டுத்தான் வைத்தேன். “தாலி அலுமாரியில இருந்தா நான் அலுமாரிக்குள்ளயோ போகப்போறன்?” என்றார். அந்த மனுசன் அதிகம் கதைக்காது; கதைத்தால் இப்படித்தான்.

மாதம் ஒருக்கால் கிளினிக் முடிந்து பஸ்சுக்கு நிற்கிற இடத்தில் நிழல் இல்லை. பக்கத்து ஒழுங்கையில் அல்லேலூயாச் சபை ஒன்றின் செபக் கூடம் இருக்கிறது. அதன் வாசலில் ஒரு வேப்பமரம். வெயில் கண்ணைக் குத்துவதால் அந்த மரத்தின் கீழ் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிற்பேன். உள்ளேயிருந்து ஒரு மனுசி கதிரையும் தண்ணீரும் கொண்டுவந்து தருவார். ஒரு நாளும் என்னை உள்ளே வா என்று கேட்டதில்லை. அந்த மனுசிக்கு எங்கள் மாதா நல்ல ஆயுசைக் கொடுக்கட்டும். அவர் மாதாவைக் கும்பிடாவிட்டாலும்.

இதெல்லாம் ஒரு பக்கம் நடக்க, மகளின் கலியாணம் சரிவந்தது. பெடியனின் ஊர் தாழ்வுபாடு, ஐஸ் போடுகிற இடத்தில் மெக்கானிக். இரண்டு பேரும் முதலே ஒருவரையொருவர் கண்டுபிடித்துவிட்டார்கள். நாங்கள் பெரியவர்கள் பேசிச் செய்வதுபோல் நடித்தோம். எங்கள் கத்தோலிக்கச் சனத்துக்குள் கலியாணத்துக்கு முதல் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மாப்பிள்ளை பொம்பிளையின் பெயரை வாசிப்பார்கள். இந்தக் கலியாணத்துக்குத் தடை தெரிந்தவர்கள் வந்து சொல்லவேண்டும் என்று சுவாமியார் கேட்பார். முதல் தரம் வாசித்தாயிற்று. அன்றைக்கு என் பிள்ளை முகத்தைப் பார்த்திருக்கவேண்டும். பெயர் வாசிக்கும்போது தலையைக் குனிந்துகொண்டு, சிரிப்பை உதட்டுக்குள் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் தரம் வாசிக்கவேண்டியது பெருநாள் முடிந்த ஞாயிறு.

பெருநாள் என்றால் எங்கள் கோயில் மாதாவின் பெருநாள். கொடி ஏறினால் ஒன்பது நாளும் நவநாள் செபம். காலையும் பின்னேரமும் ஒலிபெருக்கியில் பாட்டு. இந்த முறை குழாய் ஸ்பீக்கர் ஒன்றை எங்கள் வாசல் படலைக்கு நேரே இருக்கிற லைட் போஸ்டில் கட்ட ஒருத்தர் ஏறினார். ஸ்பீக்கரின் வாய் என் முன்யன்னலைப் பார்த்தபடி.

“தம்பி, அதைக் கொஞ்சம் கடல் பக்கம் திருப்பி விடுங்கோ.”

“கடலுக்க ஆரக்கா நவநாள் கேக்கிறது?”

“மீன் கேக்கட்டும். அதுகளும் மாதாவின்ர பிள்ளையள்தானே.”

அவர் சிரித்துவிட்டு, திருப்பாமலே இறங்கிப் போனார். பின்னேரம் கோயிலடியில் கதை வேறு மாதிரிப் போயிருந்தது: அந்த அக்காவுக்கு மாதாவின் பாட்டுப் பிடிக்கவில்லையாம்.

கோயிலுக்குள் போனால் அங்கே பீடத்தைச் சுற்றி மினுக்கு பல்ப் மாலை. சிவப்பு ஓடும், நீலம் ஓடும், எல்லாம் சேர்ந்து அணைந்து எரியும், பிறகு முதலிலிருந்து. மற்றச் சனம் கும்பிட்டுக்கொண்டிருக்கிறது. அதுகளின் கண்ணுக்கு அந்த பல்ப் இரண்டு நிமிடத்தில் இல்லாமற்போய்விடும். எனக்கு அது ஒவ்வொரு முறையும் கண்ணில் அறைந்தது. பிரசங்கத்துக்கு முதலே எழும்பி வெளியே போய், மணிக்கோபுரத்துக்குப் பின்னால் நின்று மிச்சப் பூசையைக் கண்டேன். அடுத்த நாளும் அப்படித்தான். யன்னலைச் சாத்தினேன், காதுக்குள் பஞ்சு வைத்தேன். நான் என்ன கண்டேன், ஊர் என்னைப் பார்த்துக் கணக்குக் கூட்டுகிறது என்று?

அல்லேலூயாச் சபைக்குப் போகிற பொம்பிளைகள் நகை போடுவதில்லை. மாதாவைக் கும்பிடுவதில்லை, சுரூபம் என்கிற சிலைகளுக்கு முன்னால் நிற்பதில்லை. இது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். இப்போது பாருங்கள்: என் காதில் தோடில்லை, கையில் காப்பில்லை, சில நாள் கழுத்தில் தாலியும் இல்லை. மாதாவின் பாட்டைக் கடலுக்குத் திருப்பச் சொன்னேன். பூசையில் பாதியில் எழும்புகிறேன். போதாததற்கு, பேசாலையிலிருந்து மீன் வியாபாரத்துக்கு டவுனுக்குப் போகிற ஒருத்தி, செபக் கூட வாசலில் நான் கதிரை போட்டு உட்கார்ந்திருந்ததைத் தன் இரண்டு கண்ணாலும் கண்டிருக்கிறாள். இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? நான் அல்லேலூயாவுக்குப் போய்விட்டேன் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. எனக்குத்தான் கடைசியாகத் தெரிந்தது.

தெரிந்தது எப்படியென்றால், சம்பந்தியம்மா வந்தபோதுதான். மாப்பிள்ளையின் தாய். நல்ல மனுசி, பெரிய மனசு, பெரிய குரல். இரண்டு கையிலும் முழங்கைக்குப் பாதிவரை தங்கக் காப்பு. கதைக்கும்போது கையும் சேர்ந்து கதைக்கும்; ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு கிணுங்கல். மற்ற நாட்களில் “மச்சாள், மச்சாள்” என்று வாசலிலேயே தொடங்குகிறவர் அன்று முறை வைத்துக் கூப்பிடவில்லை. கதிரையில் இருந்து என் கழுத்தைப் பார்த்தார்.

“தாலிக்கொடி எங்க?”

“அலுமாரிக்குள்ள.”

“அலுமாரிக்கோ அவர் தாலி கட்டினவர்?”

நான் தலையிடியைச் சொன்னேன். டொக்டர் சொன்னதைச் சொன்னேன். மூளை பழகாது, ஒவ்வொரு தரமும் புதுசு என்று விளங்கப்படுத்தினேன். என் வாயால் சொல்லும்போது எனக்கே அது பொய் மாதிரிக் கேட்டது.

“தலையிடி எங்களுக்கும்தான் வாறது. ஒரு குளிசை போட்டாச் சரி. தலையிடிக்கு ஆராவது தாலியைக் கழட்டுறதோ?” என்றார். பிறகு குரல் இறங்கியது. “என்ர தங்கச்சி அல்லேலூயாவுக்குப் போனவ. உங்களுக்குத் தெரியாது. அம்மான்ர செத்தவீட்டுக்கு வந்து முத்தத்தில நிண்டவ. அம்மான்ர தலைமாட்டில சுரூபமும் மெழுகுதிரியும் இருக்கெண்டு உள்ளுக்க வரேல்ல. அம்மாவைப் பாக்காமலே போயிட்டா. இன்னொருக்கா என்ர வீட்டில அது நடக்கிறதை என்னால பாக்க ஏலாது.”

அதைக் கேட்டதும் எனக்கு இருந்த கோபம் அப்படியே கரைந்துவிட்டது. அவர் ஊர்க்கதையைக் கொண்டுவரவில்லை; தன்னுடைய புண்ணைக் கொண்டுவந்திருந்தார்.

“அப்ப நான் என்ன செய்யவேணும்?”

“பெருநாளுக்கு முதல் நாள் பின்னேரம் வெஸ்பர் செபத்துக்கு வாங்கோ. நகையைப் போட்டுக்கொண்டு, முன் வரிசை வாங்கில, எனக்குப் பக்கத்தில இருங்கோ. தூபம் முடிஞ்சு ஆசீர்வாதம் தருமட்டும் எழும்பக் கூடாது. எங்கட ஆக்கள் பாக்கட்டும். இல்லாட்டி ரண்டாம் தரம் பேர் வாசிக்கவேண்டாமெண்டு நான் சுவாமியாரிட்டச் சொல்லுவன்.”

உள்ளறைக் கதவுக்குப் பின்னால் மகள் நின்றிருக்கிறாள். அவர் போனதும் வந்தாள். “நீங்கள் போகவேண்டாம் அம்மா. நம்பாட்டி விடட்டும். எனக்கொண்டும் இல்ல” என்றாள். எனக்கொன்றும் இல்லை என்று சொல்கிற பிள்ளை ஏன் முந்தானையைக் கசக்கிக்கொண்டு நிற்கிறது? நான் பெற்ற பிள்ளை எனக்குத் தெரியாதா? “பேசாமல் போ, நான் போறன்” என்றேன். ஆனால் உள்ளுக்குள் நடுக்கம்தான். வெஸ்பர் என்றால் மணிக்கணக்கு. முன் வாங்கு என்றால் பல்ப் மாலைக்கு நேர் கீழே. தூபமும் பாண்ட் வாத்தியமும் வேறு. நான் இடையில் எழும்பினாலோ சத்தி எடுத்தாலோ, என் பிள்ளையின் கலியாணம் அந்த இடத்திலேயே முடிந்துபோகும்.

வெஸ்பர் அன்று காலை எழும்பினால், எல்லாம் அமைதி. பாட்டுப் போகிறது, தகரம் அடிக்கிறது, முற்றத்தில் கருவாடு காய்கிறது. எல்லாம் இருக்கிறது, ஒன்றும் என்னைத் தொடவில்லை. எனக்கு நம்ப முடியவில்லை. யன்னலைத் திறந்துவைத்தேன். கொட்டாவி கொட்டாவியாக வந்தது, இனிப்புக்கு வாய் ஊறியது. பனங்கட்டித் துண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கடித்தபடி வீடு முழுக்க நடந்தேன். மாதா புதுமை செய்துவிட்டார் என்றே நினைத்தேன். அந்த டொக்டரின் எச்சரிக்கை ஒரு மூலையிலிருந்து எட்டிப் பார்த்தது. நீர் சும்மா கிடவும் தம்பி, இன்றைக்கு என் பிள்ளையின் நாள் என்று அதை அடக்கிவிட்டேன்.

தோடு, காப்பு, தாலிக்கொடி, எல்லாம் போட்டேன். முன் வாங்கில் சம்பந்தியம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தேன். பல்ப் மாலை ஓடத் தொடங்கியது. கொஞ்ச நேரம் தெரிந்தது. பிறகு தானாகவே பின்னுக்குப் போய்விட்டது. மணி அடித்தார்கள். முதல் மணி கேட்டது, மற்றது மெல்லமாய்க் கேட்டது, பிறகு மணி அடிக்கிறது என்பது மட்டும் தெரிந்தது. தூபப் புகை மூக்கில் ஏறி, அப்படியே இல்லாமற்போனது. இப்படித்தானா இந்தச் சனம் எல்லாம் இருக்கிறது! எவ்வளவு சுகம்! உலகம் ஒரு தரம் கதவைத் தட்டிவிட்டு, பிறகு மரியாதையாக வெளியிலேயே நிற்கிறது. என் நினைவுக்கு எட்டியவரை முதல் முறையாக, ஒரு செபத்தைத் தொடங்கி முடிக்கும்வரை நான் செபத்துக்குள்ளேயே இருந்தேன்.

ஒன்று மட்டும் நடந்தது. மகள் பாட்டுக்குழுவில் பாடுகிறவள். எத்தனை பேர் சேர்ந்து பாடினாலும், சின்ன வயதிலிருந்தே அவள் குரல் எனக்குத் தனியாக, ஒவ்வொரு வரிக்கும் புதிதாக வந்து சேரும். அன்றைக்குப் பாதிப் பாட்டுப் போன பிறகுதான் யோசித்தேன், அவள் பாடுகிறாளா? தேடிப் பார்த்தேன். பாடிக்கொண்டுதான் நின்றாள். குரல் மற்றக் குரல்களோடு சேர்ந்து பின்னுக்குப் போயிருந்தது. ஒரு நொடி எனக்குப் பயமாகப் போய்விட்டது. மற்றத் தாய்மாருக்குப் பிள்ளைகளின் குரல் இப்படித்தான் கேட்குமோ? பழகுவதில் இந்த நட்டமும் உண்டோ என்று அங்கேயே இருந்து யோசித்தேன். இன்றைக்கும் எனக்குப் பதில் தெரியாது.

ஆசீர்வாதம் முடிந்ததும் சம்பந்தியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. “மச்சாள், நாளைக்கு மாதாவின்ர சுரூபத்துக்குப் பின்னால என்னோட நடக்கவேணும்” என்றார். மச்சாள் என்ற சொல் திரும்பி வந்ததே எனக்குப் போதும். “ஓம் ஓம், வாறன்” என்றேன்.

பெருநாள் காலை கண் விழிக்கும்போதே கண் ஓரத்தில் அந்தப் பல்லு வெளிச்சம் ஓடிக்கொண்டிருந்தது. என் மனுசன் முகத்தைப் பார்த்தேன், பாதி இல்லை. அவர் என்னைப் பார்த்ததுமே விளங்கிக்கொண்டார். “போகவேண்டாம்” என்றார். “சொன்னனான், போகவேணும்” என்றேன். அவர் தாலிக்கொடியை எடுத்துத் தன் கையால் போட்டுவிட்டார்.

கடற்கரை வீதியில் ஊர்வலம். முன்னால் பாண்ட், நடுவில் மாதா, எங்கள் படலையைத் தாண்டும்போது அந்தக் குழாய் ஸ்பீக்கர். முதல் நாள் பின்னுக்குப் போனதெல்லாம் வட்டியோடு திரும்பி வந்தது. மேளத்தின் ஒவ்வொரு அடியும் வலது கண்ணுக்குப் பின்னால் விழுந்தது. மாதாவின் முகத்தை நிமிர்ந்து பார்த்தேன். அதிலும் பாதி இல்லை. ஐயோ மாதாவே, கோயிலடிக்குத் திரும்பும்வரை பிடித்துக்கொள்ளும், என் பிள்ளை, என் பிள்ளை என்று சொல்லிக்கொண்டே கால் வைத்தேன். வெடி கொளுத்தினார்கள். அவ்வளவுதான். கருவாடு காய்கிற பரண் ஒன்றைப் பிடித்தேன். அந்த மணம் வயிற்றைப் பிரட்டிவிட்டது. மாதாவின் சுரூபத்துக்கு முன்னால், முழு ஊருக்கும் முன்னால், மணலில் விழுந்து சத்தி எடுத்தேன்.

ஊர்வலம் தடுமாறி நின்றது. என் காதுக்கு எட்டவேண்டும் என்றே ஒரு குரல் சொன்னது: “நான் அப்பவே சொன்னனான். மாதாவுக்கு முன்னால நிக்க ஏலாம வருத்துது, பாருங்கோ.” இன்னொரு குரல் சிலுவை போட்டுக்கொண்டது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். வாயைத் திறந்தால் சொல் வரவில்லை, சத்திதான் வந்தது. மகள் பாட்டுக்குழுவை விட்டு ஓடிவந்து என் முதுகைப் பிடித்தாள்.

மற்றப் பக்கம் யாரோ மணலில் உட்கார்ந்து என் தலையைத் தன் மடியில் எடுத்து வைத்தார்கள். புதுச் சேலை மணத்தில் சம்பந்தியம்மா என்று தெரிந்தது. நெற்றியைத் தடவக் கையைக் கொண்டுவந்தார். காப்புகள் கிணுங்கின. என் உடம்பு துடித்தது. கையை எடுத்தார், கிணுங்கியது, துடித்தது. திரும்பவும் தடவ வந்தார், திரும்பவும் துடித்தேன். பிறகு அவர் அசையாமல் இருந்தார். கண்ணை மூடியிருந்தாலும் அவர் என்னைப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. மெதுவாக ஒரு கையை மட்டும் அசைத்தார். ஒரு சின்னக் கிணுங்கல். துடித்தேன். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. அதே துடிப்பு, கொஞ்சமும் குறையாமல்.

“பிள்ளை,” என்று என் மகளைக் கூப்பிட்டார். அந்தப் பெரிய குரல் இவ்வளவு சின்னதாகும் என்று நான் நினைத்ததே இல்லை. “கொம்மா நடிக்கிறாவெண்டா ஒருக்கா துடிப்பா, ரண்டுதரம் துடிப்பா. இது ஒவ்வொருக்காவும் புதுசா அடி வாங்கிறா. எப்பிடியடி இவ்வளவு காலமும் இருந்தவ?”

மகள் விம்முகிற சத்தம் மட்டும் கேட்டது.

சம்பந்தியம்மா காப்புகளைக் கழற்றத் தொடங்கினார். ஒன்றோடொன்று முட்டாமல், ஒவ்வொன்றாக, சேலைத் தலைப்பில் சுற்றிச் சுற்றி மகளின் கையில் கொடுத்தார். முழங்கைவரை வெறுங்கையானதும் என் நெற்றியை அழுத்திப் பிடித்தார். பிறகு நிமிர்ந்து பாண்ட்காரரைப் பார்த்து, “தம்பிமார், மாதாவைக் கூட்டிக்கொண்டு போங்கோ. மேளத்தை அங்கால போய் அடியுங்கோ. மாதா இவவோட கோவிக்கமாட்டா” என்றார். ஊர்வலம் போனது. அவர் போகவில்லை. பெருநாளும் அதுவுமாக, மாதாவுக்குப் பின்னால் நடக்கவேண்டிய மனுசி, கருவாட்டுப் பரணுக்குக் கீழே என் தலையைப் பிடித்துக்கொண்டு மணலிலேயே இருந்தார். வலி குறையவில்லை. நான் அழுத அழுகை வலிக்கு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் தரம் பெயர் வாசித்தார்கள். மூன்றாம் தரமும் வாசித்தார்கள். தடை என்று ஒருவரும் போகவில்லை. கலியாண வீட்டில் பாட்டுப் பெட்டிக்காரரிடம் சம்பந்தியம்மா என்ன சொன்னாரோ, பெட்டியின் வாய் கடலைப் பார்த்தபடி இருந்தது.

இப்போது அவர் எங்கள் வீட்டுக்கு வந்தால், படலையில் நின்று காப்புகளைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டுதான் உள்ளே வருவார். போகும்போது சில நாள் போட மறந்து, வெறுங்கையோடே பஸ் ஏறிவிடுவார். போன கிழமை பக்கத்து வீட்டு மனுசி வேலியடியில் வைத்து என்னிடம் மெல்லக் கேட்டார்: “உம்மட சம்பந்தியும் அல்லேலூயாவுக்குப் போயிட்டாவாமே?”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அடுத்த முறை வந்தபோது, என்னால் உங்களுக்கும் பேச்சு என்று சொல்லிக் குமுறினேன். அவர் கதிரையில் சாய்ந்து, சத்தம் வராமல் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

“சொல்லட்டும் விடுங்கோ மச்சாள்,” என்றார். “எனக்குப் பழகிடும். உங்களுக்குத்தானே பழகாது.”